‘நிஜ வாழ்க்கை’ என்று எதைச் சொல்கிறீர்கள்? பைரேட் பே நிறுவனர்கள் பற்றிய ஆவணப்படமும் அதன் பின்னணியும்

2009 பிப்ரவரி. ஸ்டாக்ஹோம் மாவட்ட நீதிமன்றம். அரசு வழக்கறிஞர் ஹோகன் ரோஸ்வால், எதிரே உட்கார்ந்திருக்கும், பைரேட் பே தளத்தை நடத்தியவர்களில் ஒருவரான பீட்டர் சுண்டேயிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்கிறார். நீங்கள் எல்லோரும் முதன்முதலாக ‘ஐஆர்எல்’லில், அதாவது நிஜ வாழ்க்கையில், சந்தித்துக்கொண்டது எப்போது? அந்தச் சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை என்கிறார் சுண்டே. ‘ஏஎஃப்கே’ என்றுதான் சொல்வோம், கீபோர்டை விட்டு எழுந்து போயிருக்கும் நேரம் என்று பொருள். இணையமும் நிஜம்தான் என்று நினைக்கிறோம் என்கிறார்.

இந்தப் பதிலிலிருந்துதான் ‘டிபிபி ஏஎஃப்கே’ என்ற ஆவணப்படத்துக்குப் பெயர் கிடைத்தது. தி பைரேட் பே, சுருக்கமாக டிபிபி, என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தை நடத்திய மூன்று பேரைப் பற்றிய படம். ஸ்வீடன் இயக்குநர் சைமன் க்ளோஸ் 2008இல் படம்பிடிக்கத் தொடங்கினார், 2013 பிப்ரவரியில் வெளியிட்டார். முதல் தடவை பார்த்தபோது, பெரிய கம்பெனிகளை எதிர்த்து நின்ற வீரர்களின் கதையாக இருக்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தேன். படம் அப்படிப் போகவில்லை. ‘இதற்கு யார் பொறுப்பு?’ என்று நீதிமன்றம் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பிடிபடாத ஒன்றை உருவாக்கிய மூன்று பேர் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை படம் முழுக்க இந்த இழுபறிதான்.

அந்த மூவரையும் ஒரு குழு என்று சொல்வதே சிரமம். கோட்ஃப்ரிட் ஸ்வார்த்ஹோம், இணையத்தில் ‘அனகாட்டா’. மூவரில் இளையவர், தளம் தொடங்கிய 2003இல் இருபது வயதுகூட நிரம்பவில்லை. கணினியில் அபாரமான கை. ஃப்ரெட்ரிக் நேய், ‘டியாமோ’. கருவிகளையும் இணைப்புகளையும் ஓட வைப்பவர், அரசியல் பேச்சில் ஈடுபாடு இல்லாதவர். பீட்டர் சுண்டே, ‘ப்ரோக்கெப்’. வெளியுலகத்துக்கு முகம் அவர்தான், பேசத் தெரிந்தவர். மூவரின் குணமும் நோக்கமும் வேறு வேறு என்பது படத்தில் ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. நண்பர்கள் என்பதைவிட ஒரே பணியிடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் போலத்தான் இருக்கிறார்கள்.

தளத்தை முதலில் தொடங்கியது ‘பிராட்பிரோன்’ என்ற ஸ்வீடன் குழு. பெயரை ‘திருட்டுப் பணியகம்’ என்று தமிழ்ப்படுத்தலாம். படைப்புத் துறையினர் நடத்திய ‘திருட்டு எதிர்ப்புப் பணியக’த்துக்குப் பதிலடியாக வைத்த பெயர் அது. கோட்ஃப்ரிட் அப்போது மெக்சிகோவில் வேலையில் இருந்ததால் முதல் சர்வரும் அங்கேதான் இருந்தது. அடுத்த ஆண்டே தளம் குழுவிலிருந்து பிரிந்து தனியாக ஓடத் தொடங்கியது.

சரி, அந்தத் தளம் உண்மையில் என்னதான் செய்தது? இது புரியாமல் வழக்கும் புரியாது, படமும் புரியாது. ஒரு கல்லூரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவியிடம் 500 பக்க நோட்ஸ் இருக்கிறது. நூறு பேருக்கு அது வேண்டும். நூறு பேரும் அவளிடமே வந்து 500 பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்தால் அவள் கதி என்ன? அதற்குப் பதில், ஒருவன் முதல் ஐந்து பக்கம், இன்னொருத்தி அடுத்த ஐந்து என்று பிரித்து எடுத்துக்கொண்டு, பிறகு தங்களுக்குள் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறார்கள். ஆள் கூடக் கூட வேகமும் கூடும். 2001இல் பிராம் கோஹன் என்ற அமெரிக்க நிரலாளர் உருவாக்கிய பிட்டொரன்ட் முறையின் அடிப்படை இதுதான். டொரன்ட் கோப்பில் நோட்ஸின் ஒரு பக்கம்கூட இருக்காது. எத்தனை பக்கம், கையில் கிடைத்த பக்கம் சரியானதுதானா என்று சரிபார்க்கும் குறியீடுகள் மட்டும் இருக்கும். அந்தக் கோப்பை அப்போது யார் யார் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடும் சர்வருக்கு ‘டிராக்கர்’ என்று பெயர்.

பைரேட் பே அந்தக் கல்லூரியின் அறிவிப்புப் பலகை. கூடவே, யாரை எங்கே பார்க்கலாம் என்று கைகாட்டும் ஆளும் அதுவே. நோட்ஸ் அவர்களிடம் இல்லை. படமோ பாட்டோ அவர்களுடைய சர்வர் வழியாகப் போகவில்லை. பலகை வைத்தவர்கள் குற்றவாளிகளா? எட்டு ஆண்டுகளுக்கு மேல் பல நீதிமன்றங்கள் இந்த ஒரே கேள்வியை உடைத்துப் பார்த்தன.

மூவரும் இதை மறைக்கவே இல்லை. அதுதான் அவர்களைப் பிரபலமாக்கியது. அமெரிக்க நிறுவனங்கள் அனுப்பிய வக்கீல் கடிதங்களையும், தாங்கள் எழுதிய கிண்டலான பதில்களையும் சேர்த்துத் தளத்திலேயே போட்டார்கள். 2004இல் ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனம் ‘ஷ்ரெக் 2’ படத்துக்காக அனுப்பிய கடிதத்துக்கு, ஸ்வீடன் அமெரிக்காவின் மாநிலம் அல்ல, உங்கள் சட்டம் இங்கே செல்லாது என்று பதில் போனது. ஸ்வீடன் சட்டம் அப்போது சொன்னதை வைத்துப் பார்த்தால் அது வெறும் திமிர்ப் பேச்சில்லை. டிராக்கர் நடத்துவது அங்கே குற்றமா என்பதை அதுவரை எந்த நீதிமன்றமும் தீர்மானித்திருக்கவில்லை. ஆனால் அந்தப் பதில்களின் தொனி பிறகு அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. எங்கள் தளத்தில் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாதபடி அவர்களே எழுதி வைத்துவிட்டார்கள்.

2006 மே 31 அன்று ஸ்வீடன் போலீசார் 65 பேர் போல இறங்கிச் சர்வர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். கோட்ஃப்ரிட்டும் ஃப்ரெட்ரிக்கும் பிஆர்க்யூ என்ற சர்வர் வாடகை நிறுவனம் நடத்தி வந்தார்கள். அதே அறையில் இருந்ததால், பைரேட் பேயோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வாடிக்கையாளர்களின் தளங்களும் முடங்கின. மூன்றே நாளில் பைரேட் பே நெதர்லாந்திலிருந்து மறுபடி வந்துவிட்டது. சோதனைச் செய்தி உலகெங்கும் பரவியதில், பெயரே கேள்விப்படாதவர்கள்கூட உள்ளே வந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியில்தான் தொடங்கியிருந்த, பதிப்புரிமைச் சட்டங்களைத் தளர்த்தக் கோரிய ஸ்வீடன் பைரேட் கட்சிக்கு உறுப்பினர்கள் குவிந்தார்கள். 2009 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அந்தக் கட்சி ஸ்வீடனில் 7.1 சதவீத வாக்கு வாங்கி உள்ளே நுழைந்தது.

சோதனைக்குப் பின்னால் இன்னொரு விஷயம் இருந்தது. அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களின் சங்கம் அதற்குச் சில வாரங்கள் முன்பு ஸ்வீடன் நீதித்துறை அமைச்சகத்துக்கு எழுதிய கடிதம் வெளியே வந்தது. ஸ்வீடனில் ஓர் அமைச்சர் குறிப்பிட்ட ஒரு வழக்கில் போலீசுக்கு இதைச் செய், அதைச் செய் என்று சொல்லக்கூடாது. அது அரசியல் சாசன வரம்பு மீறல். அதனால் கோப்புப் பகிர்வைப் பற்றிக் கவலையே படாத சாதாரண ஸ்வீடன்காரர்கள்கூட, நம் போலீஸ் யாருக்காக வேலை செய்கிறது என்று கேட்டார்கள். இதோடு, வழக்கை விசாரித்த போலீஸ் அதிகாரி, விசாரணை நீதிமன்றத்தில் தொடங்கும் முன்பே, வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் வேலைக்குப் போனது தெரியவந்தது. வழக்கின் நியாயம் எதுவாக இருந்தாலும், இப்படி ஒன்று நடந்த பிறகு மக்களை நம்ப வைப்பது கடினம்.

நீதிமன்றத்துக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. ஆனால் விசாரணையின் ஒலி நேரலையாக நாடு முழுக்கப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் நான்கு பேர். நான்காமவர் கார்ல் லுண்ட்ஸ்ட்ரோம், வாசா என்ற ரொட்டி நிறுவனக் குடும்பத்தின் வாரிசு. சர்வர்களுக்கும் இணைய இணைப்புக்கும் உதவியவர். தீவிர வலதுசாரிகளுக்குப் பணம் கொடுத்தவர் என்பதால், இணைய விடுதலை பேசியவர்களுக்கு அவரது பெயர் எப்போதும் தர்மசங்கடம்தான்.

இரண்டாம் நாளே வழக்கில் பாதி சரிந்தது. பிரதி எடுக்க உதவியது என்ற குற்றச்சாட்டை அரசு வழக்கறிஞர் கைவிட்டார். பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்ய உடந்தையாக இருந்தது என்பது மட்டும் மிஞ்சியது. முப்பதுக்குச் சற்று அதிகமான பாடல்கள், படங்கள், விளையாட்டுகள்தான் வழக்கில் பட்டியலிடப்பட்டிருந்தன. அவற்றுக்காகக் கேட்ட இழப்பீடு சுமார் 11.7 கோடி குரோனர் (ஸ்வீடன் நாணயம்). இந்தத் தொகையைப் பற்றி மூவரும் பேசிக்கொள்வது படத்தில் வருகிறது. யாருடைய கையிலும் இல்லாத, இருக்கவே போகாத பணம்.

லுண்ட்ஸ்ட்ரோமின் வழக்கறிஞர் வைத்த வாதம் ஒன்று ‘கிங்காங் வாதம்’ என்றே பெயர் பெற்றது. உடந்தை என்றால் குற்றம் செய்த ஆளோடு தொடர்பு இருக்க வேண்டும். ‘கிங்காங்’ என்ற புனைபெயரில் ஒரு பயனர் ஏதோ ஏற்றுகிறார், அவர் கம்போடியக் காட்டில்கூட இருக்கலாம், என் கட்சிக்காரருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று காட்டுங்கள் என்றார். இன்னொரு நாள், தொழில்துறை சொல்லும் நஷ்டக் கணக்கை மறுத்துச் சாட்சி சொன்ன பேராசிரியர் ரோஜர் வாலிஸிடம், வந்துபோன செலவுக்கு ஏதாவது வேண்டுமா என்று நீதிமன்றம் கேட்டது. வேண்டுமானால் என் மனைவிக்குப் பூ அனுப்புங்கள் என்றார். ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்த முகம் தெரியாதவர்கள் அந்த வீட்டுக்குப் பூங்கொத்துகளை அனுப்பியபடியே இருந்தார்கள். யாரும் யாருக்கும் உத்தரவிடாமல் இணையத்தில் ஒரு காரியம் எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் நீதிமன்றத்துக்கு இது போதாது. யார் முடிவெடுப்பது? யார் முதலாளி? விளம்பரக் காசு யாருக்குப் போகிறது? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். ஒருவர் நான் தொழில்நுட்பம் மட்டும்தான் என்கிறார். இன்னொருவர் நான் பேட்டி மட்டும்தான் கொடுத்தேன் என்கிறார். தளம் ஏற்கெனவே செஷல்ஸ் தீவில் பதிவான ஒரு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது என்றும் சொல்லப்பட்டது. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு தப்பிக்கும் வழி? பார்ப்பவர் அவரவராக எடைபோட வேண்டியதுதான். என் கணிப்பு, இரண்டும் கலந்திருந்தது என்பதே. அமைப்பு என்று சொல்லும்படி எதுவும் அங்கே இல்லை என்பது நிஜம். பொறுப்பு என்று வந்தபோது அந்த அமைப்பின்மை வசதியாகவும் இருந்தது.

2009 ஏப்ரல் 17 அன்று தீர்ப்பு. நான்கு பேருக்கும் தலா ஓராண்டு சிறை, கூட்டாக 3 கோடி குரோனர் இழப்பீடு. கோப்பு உங்கள் சர்வரில் இல்லாவிட்டாலும், தேடும் வசதி, ஏற்றும் வசதி, டிராக்கர் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தீர்கள், உரிமையாளர்கள் எழுதிச் சொன்ன பிறகும் எடுக்கவில்லை, ஆகவே உடந்தை என்றது நீதிமன்றம். இந்தத் தர்க்கத்தை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். பலகையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தே, அதைச் சுற்றி விளம்பரமும் வாங்கியிருக்கிறார்கள். அரசுத் தரப்புக் கணக்குப்படி விளம்பர வருமானம் குறைந்தது 12 லட்சம் குரோனர். ஓர் இசைக் கலைஞருக்கோ சின்ன பட்ஜெட் இயக்குநருக்கோ அந்தக் காசில் ஒரு பைசா போகவில்லை. அவர்களுடைய கோபம் நியாயமானது. அதை ஹாலிவுட் முதலாளிகளின் கோபத்தோடு சேர்த்துக் கட்டித் தள்ளிவிடக் கூடாது. பீட்டர் சுண்டேவுக்கே அந்தக் கேள்வி உறுத்தியிருக்க வேண்டும். மாதம் ஒரு தொகையை ஒதுக்கிப் பிடித்த படைப்பாளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ‘ஃப்ளாட்டர்’ என்ற சேவையை 2010இல் அவர் தொடங்கினார்.

என்னை உறுத்துவது தீர்ப்பின் தர்க்கத்தைவிட அது வந்த விதம். நீதிபதி தோமஸ் நோர்ஸ்ட்ரோம் பதிப்புரிமைச் சங்கங்களில் உறுப்பினர் என்பது தீர்ப்புக்குப் பிறகு ஸ்வீடன் வானொலியில் வெளியானது. எதிர்த் தரப்பு வழக்கறிஞர்கள் சிலரும் அதே சங்கங்களில் இருந்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைப் பாரபட்சம் என்று ஏற்கவில்லை. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் இவ்வளவு பேர் கவனித்துக்கொண்டிருந்த வழக்கில் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

2010 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. ஃப்ரெட்ரிக்குக்கு 10 மாதம், பீட்டருக்கு 8, லுண்ட்ஸ்ட்ரோமுக்கு 4. இழப்பீட்டை மட்டும் 4.6 கோடி குரோனராக உயர்த்தியது. கோட்ஃப்ரிட் உடல்நலக் குறைவென்று வரவில்லை, அவருடைய ஓராண்டு அப்படியே உறுதியானது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. அதற்கடுத்த ஆண்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது.

படத்தின் பிற்பகுதியில் நீதிமன்றச் சத்தம் அடங்கி, ஆளாளுக்கு ஒரு திசையில் சிதறுகிறார்கள். அந்தப் பகுதிதான் எனக்கு அதிகம் வலித்தது. கோட்ஃப்ரிட் கம்போடியாவில் இருந்தார். 2012 ஆகஸ்ட் இறுதியில் அதன் தலைநகர் புனோம் பென்னில் பிடித்து ஸ்வீடனுக்கு அனுப்பினார்கள். அங்கே லாஜிகா என்ற நிறுவனத்தின் கணினிக்குள் ஊடுருவியதாக வேறொரு வழக்கு. பிறகு டென்மார்க்குக்கு ஒப்படைத்து, அங்கேயும் ஊடுருவல் வழக்கில் மூன்றரை ஆண்டு தண்டனை. 2015 செப்டம்பரில்தான் வெளியே வந்தார். பீட்டரை 2014 மே 31 அன்று தெற்கு ஸ்வீடனில் பிடித்தார்கள். பழைய சோதனை நடந்து அன்றோடு எட்டு ஆண்டு. லாவோஸில் குடும்பத்தோடு குடியேறியிருந்த ஃப்ரெட்ரிக், அந்த நவம்பரில் தாய்லாந்து எல்லையைக் கடக்கும்போது சிக்கினார். மூவரும் வேறு வேறு சமயத்தில் பிடிபட்டு, தனித்தனியாகச் சிறை சென்று, தனித்தனியாக வெளியே வந்தார்கள். லுண்ட்ஸ்ட்ரோம் 2025 மார்ச்சில் ஸ்லோவேனியாவில் சிறிய விமானம் விழுந்து இறந்துபோனார்.

தளமோ அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. 2009 நவம்பரில் டிராக்கரையே அணைத்துவிட்டார்கள். கைகாட்டும் ஆள் இல்லாமலே மாணவர்கள் தங்களுக்குள் கேட்டுக் கேட்டு ஆளைக் கண்டுபிடித்துக்கொள்ளும் முறை வந்துவிட்டது. 2012 தொடக்கத்தில் டொரன்ட் கோப்புகளும் போய் மேக்னட் லிங்க், அதாவது கோப்பின் அடையாளக் குறியீட்டை மட்டும் தாங்கிய ஒரு வரி இணைப்பு, மட்டும் மிஞ்சியது. அப்போது தளத்திலிருந்த எல்லா இணைப்புகளையும் ஒருவர் தொகுத்துச் சுருக்கிப் பார்த்தார், மொத்தம் 90 எம்பி அளவுதான் வந்தது. ஒரு பென்டிரைவின் ஓரத்தில் அடங்கிவிடும். 2014 டிசம்பரில் போலீஸ் மறுபடி சர்வர்களை எடுத்தபோது, இரண்டு மாதத்துக்குள் தளம் திரும்பி வந்தது. அது முடங்கிக் கிடந்த அந்த நாட்களில் பீட்டர் சுண்டே எழுதியதைப் படித்தவர்களுக்கு அதிர்ச்சிதான். அது மூடிக் கிடப்பதில் தனக்கு வருத்தமில்லை, விளம்பரக் குப்பை மண்டிய, உயிரற்ற இடமாக அது எப்போதோ மாறிவிட்டது என்ற பொருளில் எழுதியிருந்தார்.

ஆளைப் பிடிப்பதா, இடத்தை மூடுவதா என்ற இந்தக் குழப்பத்துக்குச் சென்னையோடும் நேரடித் தொடர்பு உண்டு. திருட்டு விசிடி காலத்திலேயே, 2004இல், தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி அவற்றை விற்பவர்களையும் அதில் சேர்த்தது. ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். அது ஆளைப் பிடிக்கும் வழி. 2012இல் ‘3’ என்ற தமிழ்ப் படத்தையும் ‘தம்மு’ என்ற தெலுங்குப் படத்தையும் காப்பாற்றச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். எதிராளி யார் என்று தெரியாமலே, பெயர் தெரியாத ஒருவர் மேல் வாங்கும் இத்தகைய ஆணைக்கு இந்தியாவில் ‘அசோக் குமார் ஆணை’ என்று செல்லப்பெயர். ஸ்வீடனில் நான்கு பேரின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து வழக்குப் போட்டார்கள் என்றால், இங்கே இல்லாத ஓர் அசோக் குமார் மேல். விளைவு, இணைய சேவை நிறுவனங்கள் பைரேட் பேயோடு விமியோ, டெய்லிமோஷன் போன்ற காணொளித் தளங்களையும் சேர்த்து முழுதாக அடைத்தன. தங்கள் சொந்தக் குறும்படத்தை விமியோவில் வைத்திருந்தவர்களுக்கும் கதவு மூடியது. ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றமே விளக்கம் தந்தது: முழுத் தளத்தையும் அடைக்க வேண்டாம், திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட பக்க முகவரியை மட்டும் அடையுங்கள்.

ஐரோப்பாவில் சட்டக் கேள்விக்கு ஒரு முடிவு 2017இல் வந்தது. இப்படி ஒரு பலகையை வைத்து நடத்துவதே படைப்பைப் பொதுமக்களுக்குக் கொண்டுசேர்க்கும் செயல்தான் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், பைரேட் பே சம்பந்தப்பட்ட நெதர்லாந்து வழக்கில் சொன்னது. அதற்குள் ஸ்வீடனில் எல்லோரும் தண்டனையை முடித்துவிட்டிருந்தார்கள்.

இனி படத்தின் கதை. க்ளோஸ் தொகுப்புச் செலவுக்கு 2010இல் பொதுமக்களிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் 25,000 டாலர் கேட்டார், 51,000 டாலருக்கு மேல் வந்தது. 2013 பிப்ரவரி 8 அன்று பெர்லின் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்ட அதே நாளில், யூடியூபிலும் பைரேட் பேயிலும் இலவசமாக ஏறியது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். யார் வேண்டுமானாலும் தரவிறக்கலாம், பகிரலாம், காசு பார்க்கக்கூடாது. சில மாதம் கழித்து, ஹாலிவுட் நிறுவனங்கள் சில கூகுளுக்கு அனுப்பிய நீக்கல் கோரிக்கைப் பட்டியல்களில் இந்தப் படத்தின் இணைப்புகளும் இருந்தன. தன் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இயக்குநரே கொடுத்தது, அவருக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லாதவர்களின் பெயரில் நீக்கச் சொல்லப்பட்டது.

படத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. முழு வடிவத்தைப் பகிரலாம், வெட்டி ஒட்டக்கூடாது. தங்கள் விருப்பப்படி வெட்டி மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக இன்னொரு வடிவத்தையும் க்ளோஸ் அன்றே வெளியிட்டார். அது நான்கு நிமிடம் குறைவு. படத்துக்குள் பயன்படுத்தியிருந்த, வேறு ஆட்களுக்கு உரிமையுள்ள காட்சிகளை அதிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்.